கல்லூரி பொது, விடுதி தனி

என் அக்கா மகன் திண்டிவனத்தில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஊர், செஞ்சிப் பக்கம் ஒரு காலனி. தங்குவது அரசு விடுதியில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். மைதானம் நிறையச் சீருடை போட்ட கறுப்பின மாணவர்கள். பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளுமாக, நடந்துகொண்டே வாசிக்கிறார்கள்; வாசித்துக்கொண்டே ஆடுகிறார்கள். கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையாம். ஆட்டத்தைவிட இதைப் பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம் போலிருந்தது.

"மாமா, இது கறுப்பர்களுக்குன்னே இருக்கிற யுனிவர்சிட்டியாம். அதுவும் கவர்மென்ட்டோடது. நம்ம பக்கம் அப்படி எஸ்.சி.க்குன்னு ஒரு காலேஜ் இருக்கா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், பதில் அத்தனை சுலபமில்லை என்று உறைத்தது. அவனுக்கு அன்று சொன்னதையும், பஸ் ஏற்றிவிட்ட பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. 'வரலாற்று வழியில் கறுப்பினத்தவருக்கான கல்லூரி' என்பது அங்கே சட்டத்தில் இருக்கும் பெயர். 1965-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் இரண்டு நிபந்தனை சொல்கிறது. 1964-க்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். கறுப்பின மக்களுக்குக் கல்வி தருவதே முதன்மை நோக்கமாக இருந்திருக்க வேண்டும். இன்று நூறு சொச்சம் கல்லூரிகள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி அரசுக் கல்லூரிகள். யார் வேண்டுமானாலும் சேரலாம். மேற்கு வர்ஜீனியாவில் புளூஃபீல்டு ஸ்டேட் என்ற ஒன்று இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். ஆனாலும் பட்டியலிலிருந்து அது நீங்கவில்லை. பெயரில் 'வரலாற்று வழியில்' என்று இருப்பது இதனால்தான். இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. யாருக்காகக் கட்டினார்கள் என்பதைத்தான் கேட்கிறது.

ஏன் தனியாகக் கட்டினார்கள்? உள்நாட்டுப் போருக்கு முன் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லித்தருவதே குற்றம். 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. படிக்கத் துடித்த லட்சக்கணக்கான பேருக்குத் தேவாலயங்களும் தருமவான்களும் முதலில் பள்ளி திறந்தார்கள். துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்டு பல்கலைக்கழகம் 1867-ல் வந்தது. அரசுக் கல்லூரிகள் பெருகியது 1890-க்குப் பிறகு. அந்த ஆண்டு மோரில் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். வேளாண்மையும் தொழிலும் கற்பிக்கும் மாநிலக் கல்லூரிகளுக்கு மத்திய அரசு பணம் தரும். ஆனால் கறுப்பரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், மாட்டேன் என்றால் அவர்களுக்குத் தனியாக ஒரு கல்லூரி கட்ட வேண்டும். தென்மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்தன என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார வைப்பதைவிடத் தனிக் கட்டடம் கட்டுவது அவர்களுக்கு மலிவாகப் பட்டது.

அப்படி 1891-ல் பிறந்ததுதான் நார்த் கரோலைனா ஏ அண்ட் டி. ஒதுக்குவதற்காகக் கட்டிய அந்த வளாகத்திலிருந்துதான் 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி நான்கு முதலாண்டு மாணவர்கள் கிரீன்ஸ்பரோ நகரின் ஊல்வொர்த் கடைக்கு நடந்து போனார்கள். வெள்ளையர் மட்டும் உட்காரும் உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். காபி வரவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள். சில வாரங்களில் தென்மாநில நகரங்கள் பலவற்றில் மாணவர்கள் இப்படி உட்கார்ந்துவிட்டார்கள். தனியாக வைத்தால் அடங்கிக் கிடப்பார்கள் என்பது கட்டியவர்களின் கணக்கு. தனியாக வைத்ததால் ஒன்றுகூடிப் பேச இடம் கிடைத்துவிட்டது.

பணத்தில் மட்டும் தனிமை தனிமையாகவே நின்றது. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் சேர்ந்து 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். (அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர்.) அதே மாநிலத்தின் வெள்ளையர் கல்லூரிக்குத் தந்த விகிதத்தில் தந்திருந்தால், முப்பது ஆண்டுகளில் 1890 சட்டத்தின் கீழ் வரும் கறுப்பினக் கல்லூரிகளுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகப் போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இனி நம் பக்கம்.

விழுப்புரமும் திண்டிவனமும் பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் ஊர்கள். 1993-ல்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன்பிருந்த விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டுச் சராசரி 20. எழுத்தறிவில் மாநிலம் 80 விழுக்காடு, விழுப்புரம் 72-ஐத் தொடவில்லை. இந்த இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாதிக் கதை வந்துவிடும்.

இங்கே 'இவனுக்குப் படிப்புச் சொல்லித்தராதே' என்று வெள்ளைக்காரன் சட்டம் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது, சேரி ஊருக்கு வெளியே இருந்தது. இடையில் ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் நடக்க முடியாது என்றால் அது போதும்.

முதலில் வழி விட்டது மிஷன். தென்னாற்காட்டிலும் வடாற்காட்டிலும் வேலை செய்தது அமெரிக்கன் ஆற்காடு மிஷன். ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கியது. திண்டிவனம் அவர்களுடைய நிலையங்களில் ஒன்று. வேலூர் மருத்துவமனையைக் கட்டிய ஐடா ஸ்கடர், தான் மருத்துவராக முடிவெடுத்த அந்த இரவைக் கழித்தது திண்டிவனத்து வீட்டில்தான். அந்த மிஷன் வேலூரில் நடத்திய கல்லூரியின் பெயர் ஊரிசு என்று நாம் சொல்லும் வூர்ஹீஸ். எலிசபெத் ராட்மன் வூர்ஹீஸ் என்ற நியூ ஜெர்சி அம்மையாரின் பெயர் அது. அவரும் அவர் கணவர் ரால்ஃபும் கொடுத்த பணத்தில் தென் கரோலைனாவின் டென்மார்க் என்ற ஊரில் இன்னொரு கல்லூரி எழுந்தது. அதற்கும் வூர்ஹீஸ் என்றே பெயர். அது கறுப்பினத்தவருக்கான கல்லூரி. ஒரே வீட்டுப் பணம், ஒரே பெயர், ஒன்று வேலூரில், ஒன்று டென்மார்க்கில். என் மருமகனுக்கு இதைச் சொன்னபோதுதான் அவன் கைபேசியைக் கீழே வைத்தான்.

அரசாங்கம் பிறகு வந்தது. 1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் என்று ஒரு பதவி ஏற்பட்டது. ஒடுக்கப்பட்டோருக்கு மனைப்பட்டா, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தத் துறையின் பொறுப்பு. அது திறந்த பள்ளிகளை 'லேபர் ஸ்கூல்' என்பார்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவைதான். மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கலாம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தனியாக இருந்தால் கவனிப்பில்லை என்று சிலரும், இணைத்தால் கையில் இருப்பதும் போய்விடும் என்று சிலரும் வாதாடினார்கள். அமெரிக்காவிலும் இந்த வாதம் அப்படியே நடக்கிறது.

அரசையும் மிஷனையும் நம்பாமல் தானே கட்டியவர் சகஜானந்தர். ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890-ல் பிறந்த துறவி. 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நந்தனை உள்ளே விடாத ஊர் என்று கதை சொல்லும் அதே சிதம்பரத்தில். தென்னாற்காட்டுச் சேரிகளிலிருந்து பிள்ளைகள் அங்கே போய்த் தங்கிப் படித்தார்கள். கறுப்பினக் கல்லூரிக்கு நம் பழைய மாவட்டத்தில் நேர் நிகர் எது என்று கேட்டால் என் விரல் அங்கேதான் நீளும். என்ன, அது பள்ளியோடு நின்றது. சிதம்பரத்தில் 1929-ல் பல்கலைக்கழகமும் வந்தது, வேறொருவர் பணத்தில், வேறொரு பெயரில்.

பம்பாயில் அம்பேத்கர் கல்லூரிவரை போனார். 1945-ல் மக்கள் கல்விக் கழகம், 1946-ல் சித்தார்த்தா கல்லூரி, 1950-ல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. இதே 1946-ல்தான் அவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு உங்கள் மக்கள் தரும் மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். டூ பாய்ஸ் படித்ததும் ஒரு கறுப்பினக் கல்லூரியில்தான்.

இந்தக் கதை நேர்மாறாகவும் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனாராம். பெரும்பாலும் தலித் வீட்டுப் பிள்ளைகள். தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து உங்களைப் போலவே ஒரு தீண்டப்படாதவர் வந்திருக்கிறார் என்று அறிமுகம் செய்துவைக்க, கிங்குக்குச் சுருக்கென்றிருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம், அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டதாக 1965-ல் தன் தேவாலயப் பிரசங்கத்தில் அவரே சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாடு தனிக் கல்லூரி கட்டவில்லை. எல்லோரும் ஒரே கல்லூரிக்குப் போகட்டும், இடத்தை மட்டும் பங்கு பிரிப்போம் என்றது. ஆனால் கிராமத்துப் பிள்ளை கல்லூரிக்கு வந்தால் எங்கே தங்குவான்? வாடகைக்கு அறை கேட்டால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி எந்தத் தெரு. மூன்றாவது கேள்விக்கு வேலை இருக்காது. அதற்குத்தான் விடுதி. ஆதிதிராவிடருக்கு ஒன்று, பிற்பட்டோருக்கு ஒன்று, மிகப் பிற்பட்டோருக்கு ஒன்று. கல்லூரி பொது, விடுதி தனி. அமெரிக்கர்கள் வகுப்பறையைப் பிரித்தார்கள். நாம் தூங்கும் இடத்தைப் பிரித்தோம். கறுப்பினக் கல்லூரியில் கிடைக்கும் அந்த 'நம்மாட்கள் நடுவே இருக்கிறோம்' என்ற தெம்பு இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிடைக்கும்.

நான் படித்தது வேறு ஊரில். எங்கள் அறையில் பதினெட்டு டிரங்குப் பெட்டி. பெட்டிமேல் பாய், பாய்மேல் சட்டை, சட்டைமேல் புத்தகம். பரீட்சைக் காலத்தில் வராந்தாவில் ஒரே குண்டு பல்பு. அதன் கீழ் வட்டமாக உட்கார்ந்து, சீனியர் ஒருவர் பொருளாதாரப் பாடத்தை உரக்கப் படிக்க, நாங்கள் கேட்டு மனப்பாடம் செய்வோம். கல்லூரியில் ஆசிரியர் நடத்தியதைவிட அந்த வராந்தாவில் கேட்டதுதான் எனக்குத் தேர்வில் கை கொடுத்தது. சாம்பாரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

ஊரார் 'எஸ்.சி. ஆஸ்டல்' என்றே சொல்லிப் பழகிய இந்த விடுதிகளுக்கு 2025 ஜூலையில் பெயர் மாறியது. எல்லா நல விடுதிகளும் இனி 'சமூகநீதி விடுதிகள்' என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்த அறிவிப்பின்படி 2,739 விடுதிகள், சுமார் 1,80,000 பிள்ளைகள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023-ல், கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப் படியை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500-ஆக உயர்த்தியிருந்தார்கள். முப்பதால் வகுத்தால் நாளுக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளைக்கு.

இனி நம் பக்கத்து இரண்டு அரசுக் கல்லூரிகள். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி 1968-ல் வந்தது. திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி 1969-ல். கோவிந்தசாமி வன்னியர் சமூகத்திலிருந்து எழுந்த உழைப்பாளர் கட்சிக்காரர், பிறகு தி.மு.க.வில் சேர்ந்து அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சர். உதயசூரியன் அவர் வென்ற சின்னம், கட்சிக்கு அவர்தான் கொடுத்தார் என்று கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1969-ல் அவர் மறைந்தார். அதே ஆண்டு பிறந்த கல்லூரி அவர் பெயரைச் சுமக்கிறது.

இந்தக் கல்லூரிகள் பட்டம் வாங்கும் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். பிறகு வேலூரில் 2002-ல் வந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கே ஒரு பல்கலைக்கழகம் என்று ஜெயலலிதா பெயரில் சட்டம் போட்டார்கள். ஆட்சி மாறி, அந்த ஆண்டே அதைச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவும் நிறைவேறியது. அண்ணனுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல், தம்பிக்கு வேறு முத்திரை. இப்போது சகஜானந்தரின் ஊரிலிருந்து பட்டம் வருகிறது.

அமெரிக்க ஒப்பீடு உடைவது இங்கேதான். நார்த் கரோலைனா ஏ அண்ட் டி ஒரு மக்களின் வளாகம். விழுப்புரமும் திண்டிவனமும் இரண்டு மக்களின் வளாகம். வகுப்பில் பெரும்பாலோர் வன்னியர் வீட்டுப் பிள்ளைகளும் தலித் வீட்டுப் பிள்ளைகளும். இரு வீட்டிலும் கூலி வேலை, கரும்பு வெட்டு, செங்கல் சூளை. இரு வீட்டிலும் இவன்தான் முதல் பட்டதாரி. ஆனால் ஒருவன் வீடு ஊரில், மற்றவன் வீடு காலனியில். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பர் 17 தொடங்கி ஒரு வாரம், தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் சாலை மறியல் செய்தது. 21 பேர் உயிர் போனது. அவர்களுக்கும் கோவிந்தசாமிக்கும் விழுப்புரத்தில் மணிமண்டபம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த மறியல் வாரத்தில் பல காலனிகளில் குடிசைகளும் எரிந்தன. அதற்கு மண்டபம் கிடையாது.

மறியலின் பலன் 1989-ல் வந்தது. பிற்பட்டோருக்கான 50 விழுக்காட்டிலிருந்து 20-ஐ மிகப் பிற்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று கணக்கு இதுதான்: பிற்பட்டோர் 26.5, பிற்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதி 18 (அதில் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு 3), பழங்குடி 1. கூட்டினால் 69. மீதி 31 எல்லோருக்கும் பொது. பொதுவில் மதிப்பெண் எடுத்து வரும் தலித் மாணவனை அவன் பங்கில் கழிக்கக் கூடாது. இதைப் படித்தவர்களே பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சேர்க்கை இப்போது இணையத்தில். விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய்; பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். இளநிலையில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. 1944-ல் வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கிய திட்டம் அது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லை. விழுப்புரம் கல்லூரி வாசலில் காலையில் போய் நின்று பாருங்கள். இந்தத் திட்டங்கள் எல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவது தெரியும்.

உள்ளே நிலைமை அத்தனை செழிப்பில்லை. இடம் போதாமல் தமிழகம் முழுக்க அரசுக் கலைக் கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டாகப் பிரித்து நடத்துகிறார்கள். பாடம் நடத்துபவர்களில் பெரும்பங்கு கௌரவ விரிவுரையாளர்கள். ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் சம்பளம். மே மாதம் கௌரவம் மட்டும்.

ஆனாலும் இந்தக் கல்லூரிகள் பேராசிரியர்களால் பேர் பெற்றவை. விழுப்புரத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் த. பழமலய். 1988-ல் வந்த 'சனங்களின் கதை' தொகுப்பில் இந்த மண்ணின் உழவர் வீட்டுப் பேச்சையே கவிதையாக்கியவர். மாணவர்கள் வகுப்பில் பேச வெட்கப்பட்ட மொழி அது. திண்டிவனம் கல்லூரியில் இயற்பியல் நடத்திய பேராசிரியர் கல்யாணி, பிரபா கல்விமணி என்ற பெயரில் இன்னும் பலருக்குத் தெரியும். இருளர் மக்களைப் பொய் வழக்குகளில் பிடித்துப்போவதை எதிர்த்துப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டினார். திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தினார். கிரீன்ஸ்பரோவில் மாணவர்கள் உணவு மேடைக்குப் போனார்கள், இங்கே பேராசிரியர் காவல் நிலையத்துக்குப் போனார்.

தனியாக வைப்பதை எதிர்த்தவர்கள் வரிசையில் காட்டுமன்னார்கோயில் இளையபெருமாளையும் சொல்ல வேண்டும். பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனித் தண்ணீர்ப் பானையைச் சிறுவயதில் போட்டு உடைத்தவர். பிற்பாடு தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி 1969-ல் அறிக்கை கொடுத்தார்.

மருமகனிடம் கேட்டேன், உன் பெஞ்சில் பக்கத்தில் யார் என்று. "மூணு பேர் மாமா. ஒருத்தன் மேல்மலையனூர் பக்கம், படையாச்சி. நல்ல பையன். டி.என்.பி.எஸ்.சி. புக்கு ரெண்டு பேரும் பாதிப் பாதி காசு போட்டு வாங்கினோம். வாரத்துல மூணு நாள் அவன்கிட்ட, நாலு நாள் என்கிட்ட." அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டேன். "இல்ல. அவனும் வந்ததில்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஆஸ்டலுக்கு வந்திருக்கான்" என்றான்.

ஏழு மணிக்குள் விடுதியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாலு மணிக்கே கிளம்பிவிட்டான். அக்கா ஒரு தூக்கில் புளிக்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள், ஐம்பது ரூபாய் சாப்பாட்டுக்குத் துணையாக. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் புறப்படும்போது ஜன்னலில் தலையை நீட்டினான்.

"மாமா, நாளுக்கு ஐம்பதுன்னு சொன்னீங்களே, பிப்ரவரியில மூணு ரூபா கூட வரும்."